டெக்சாஸ் கோர்ட்டில் விசிட்டிங் ஜட்ஜ் வந்தால்: நியமன உத்தரவைக் கையில் வாங்குவது எப்படி

எங்கள் வீட்டு வேலையை எடுத்த ஒப்பந்ததாரர் பாதியில் விட்டுவிட்டுப் போனார். கொடுத்த முன்பணம் திரும்பவில்லை. வக்கீல் வைக்க வசதி இல்லாததால் நானே வழக்குப் போட்டேன். ஹூஸ்டனைச் சுற்றியுள்ள கவுண்டிகளில் ஒன்று. பெயர் வேண்டாம்.

ஒரு மனு விசாரணைக்குப் போன அன்று மேடையில் எங்கள் நீதிபதி இல்லை. வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "இன்றைக்கு விசிட்டிங் ஜட்ஜ்" என்றார் பெய்லிஃப், அதாவது கோர்ட் காவலர். சொந்த நீதிபதிக்குப் பதிலாக அனுப்பப்படும் நீதிபதியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஊரில் பொறுப்பு நீதிபதி வந்தால் பெரும்பாலும் அன்றைக்கு வாய்தாதான். அந்த நினைப்பிலேயே நின்றேன். ஆனால் என் பெயரைக் கூப்பிட்டார்கள், எதிர்த்தரப்பு வக்கீல் பேசினார், நானும் பதில் சொன்னேன், உத்தரவும் போட்டுவிட்டார்கள். அந்த அரை மணி நேரத்தில் சட்டம் எனக்குக் கொடுத்திருந்த ஓர் உரிமை, அந்த நீதிபதி என் வழக்கைக் கேட்க வேண்டாம் என்று ஆட்சேபிக்கும் உரிமை, கைவிட்டுப் போனது. போனது தெரியவே இரண்டு மாதம் ஆனது.

அதே நீதிபதிதான் பிறகு முழு வழக்கையும் விசாரித்தார். தீர்ப்புக்குப் பின், அவர் எந்த உத்தரவின் பேரில் வந்தார், மறுவிசாரணை மனுவை அவரே கேட்பாரா என்று பார்க்கப் போனால் என் வழக்குக் கட்டில் அந்தக் காகிதமே இல்லை. தவறான கதவுகளைத் தட்டி, 19 நாள் கழித்துத்தான் அது கைக்கு வந்தது. மறுவிசாரணை மனுவுக்கு மொத்தக் கெடுவே 30 நாள். உங்களுக்கு அந்த 19 நாள் வீணாகக் கூடாது.

நான் வக்கீல் இல்லை. என் கையில் இருந்த சட்டப் பிரிவுகளையும் நான் நடந்த வழியையும் சொல்கிறேன். பணமோ பிள்ளையோ வீடோ பணயத்தில் இருந்தால், ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்தாவது ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

1. உங்கள் வழக்கு எந்த கோர்ட்டில், கட்டு யாரிடம்

இங்கே சொல்வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கும் கவுண்டி கோர்ட் அட் லாவுக்கும், அதுவும் சிவில் வழக்குக்கு மட்டும். விவாகரத்தும் சிவில்தான். குற்ற வழக்கில் இந்த ஆட்சேபணை உரிமை கிடையாது. 20,000 டாலருக்கு உட்பட்ட சின்ன வழக்குகள் போகும் ஜஸ்டிஸ் கோர்ட்டுக்கும் இந்த வழி பொருந்தாது.

நான் முதலில் இடறியது இங்கேதான். ஒரே கட்டடத்தில் இரண்டு கிளார்க் அலுவலகங்கள் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் கோர்ட் கட்டுகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். கவுண்டி கோர்ட் அட் லா கட்டுகள் பெரும்பாலும் கவுண்டி கிளார்க்கிடம். சில கவுண்டிகளில் குடும்ப வழக்குகள் மட்டும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் பக்கம் போய்விடும். உங்கள் மனுவின் முதல் பக்கத்தில் குத்தியிருக்கும் முத்திரையில் எந்தக் கிளார்க்கின் பெயர் இருக்கிறதோ அந்த ஜன்னலுக்குப் போங்கள். தவறான ஜன்னலில் நின்றால் "இந்த எண்ணில் எங்களிடம் வழக்கே இல்லை" என்பார்கள். பயந்துவிடாதீர்கள், பக்கத்து ஜன்னலில் இருக்கும்.

2. முதல் நாளே கோஆர்டினேட்டருக்கு ஒரு போன்

ஒவ்வொரு கோர்ட்டுக்கும் கோர்ட் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் உண்டு. தேதி கொடுப்பது, பட்டியல் போடுவது எல்லாம் அவர் கையில். வழக்கு பற்றிய யோசனை அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் "நாளைக்கு எங்கள் நீதிபதியே உட்காருவாரா, அசைன்டு ஜட்ஜ் வருகிறாரா" என்று கேட்டால் சொல்லிவிடுவார். அசைன்டு ஜட்ஜ் என்பது விசிட்டிங் ஜட்ஜுக்கே இன்னொரு பெயர். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை கேளுங்கள். அசைன்டு ஜட்ஜ் என்றால் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முழுப் பெயர், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, அவரை அனுப்பி உத்தரவு போட்ட நிர்வாக நீதி மண்டலம் எது (மண்டலங்களைக் கீழே சொல்கிறேன்).

போன் வைத்ததும், பேசிய தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தகவல் தெரிந்த நாளிலிருந்துதான் ஆட்சேபிப்பதற்கான 7 நாள் கெடு ஓடத் தொடங்கும்.

அசோசியேட் ஜட்ஜ் என்ற பெயரைக் கேட்டால் நிதானியுங்கள். குடும்ப வழக்குகளில் அடிக்கடி வருவார். அவர் விசிட்டிங் ஜட்ஜ் அல்ல. அவருக்கு ஃபேமிலி கோடு 201ஆம் அத்தியாயம். அங்கே முழு விசாரணைக்கு ஆட்சேபிக்கத் தகவல் வந்த 10 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். அவர் முடிவை மாவட்ட நீதிபதி புதிதாக விசாரிக்க வேண்டுமென்றால் 3 வேலை நாள்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாளைத் தவறவிட்டவர்களை நான் கோர்ட் வராந்தாவிலேயே பார்த்தேன்.

3. நியமன உத்தரவைத் தேடுங்கள்

காகிதத்தின் பெயர் 'ஆர்டர் ஆஃப் அசைன்மென்ட்'. இதே சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். "நீதிபதியை நியமித்த காகிதம்" என்று சுற்றி வளைத்தால், கவர்னர் நியமித்த ஆணையைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

டெக்சாஸ் 11 நிர்வாக நீதி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கவர்னர் நியமிக்கும் ஒரு பிரிசைடிங் ஜட்ஜ் உண்டு. விசிட்டிங் ஜட்ஜை அனுப்புபவர் அவர்தான். நம் மக்கள் அதிகம் இருக்கும் ஊர்களுக்குச் சொல்கிறேன்: ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், பிரசோரியா கவுண்டிகள் 11ஆம் மண்டலம். டாலஸ், காலின் 1ஆம் மண்டலம். டென்டன், டாரன்ட் 8ஆம் மண்டலம். டிராவிஸ், வில்லியம்சன் 3ஆம் மண்டலம். பெக்ஸார் 4ஆம் மண்டலம். ஃப்ரிஸ்கோவில் இருப்பவர்கள் கவனியுங்கள். ஊர் ஒன்றுதான், ஆனால் பாதி காலினில், பாதி டென்டனில். உங்கள் வழக்கு எந்தக் கவுண்டியில் ஓடுகிறதோ அந்த மண்டலம்தான் கணக்கு.

தேடும் வரிசை இது.

முதலில் உங்கள் கட்டு. ரீசர்ச்-டிஎக்ஸ் என்ற மாநில இணையதளத்திலோ, கிளார்க்கின் சொந்தத் தளத்திலோ வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஒரு வழக்குக்காக மட்டுமே நீதிபதியை அனுப்பியிருந்தால் உத்தரவு அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம்.

இல்லாவிட்டால், இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படித்தான் ஏமாந்தேன். பல சமயம் உத்தரவு ஒரு வழக்குக்குப் போடப்படுவதில்லை. "இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள் இந்தக் கோர்ட்டில் உட்காரவும்" என்று கோர்ட்டுக்கே போடப்படும். அது அந்த வாரத்தில் விசாரித்த ஐம்பது கட்டிலும் தனித்தனியாக வைக்கப்படாது. கோர்ட்டின் பொதுப் பதிவில் ஒரே ஒரு பிரதி இருக்கும். ஆகவே கிளார்க்கிடம் வழக்கு எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். கோர்ட் எண், நீதிபதி பெயர், விசாரணைத் தேதி மூன்றையும் எழுதிக் கொடுத்து, "இந்தத் தேதியைத் தழுவும் அசைன்மென்ட் ஆர்டர்" என்று கேளுங்கள்.

அங்கேயும் கிடைக்காவிட்டால் மண்டல அலுவலகம். இதே விவரங்களோடு நாலு வரி மின்னஞ்சல் போதும். எனக்கு இதுதான் பலித்தது. 16 நாள் மற்ற இடங்களில் அலைந்துவிட்டு இவர்களுக்கு எழுதினேன். மூன்றாம் நாள் வந்துவிட்டது. முதல் நாளே எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பெரிய பொறி ஒன்று இருக்கிறது. இங்கே வந்த புதிதில் யாராவது "எது வேண்டுமானாலும் பப்ளிக் இன்ஃபர்மேஷன் ஆக்ட்டில் கேளுங்கள்" என்று சொல்வார்கள். ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கோர்ட்டுக்கும் பொருந்துவதால் நமக்கும் அது சரியாகப்படும். டெக்சாஸில் அந்தச் சட்டம் நீதித்துறையைத் தொடாது. நான் கவுண்டிக்கு அப்படி ஒரு விண்ணப்பம் போட்டு, 10 வேலை நாள் காத்திருந்து, "எங்களுக்குப் பொருந்தாது" என்ற பதிலைத்தான் வாங்கினேன்.

கோர்ட்டுகளின் நிர்வாகப் பதிவுகளுக்குத் தனி விதி இருக்கிறது: நீதித்துறை நிர்வாக விதிகளில் 12ஆம் விதி. எழுத்தில் கேட்க வேண்டும், பதிவைக் காக்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மண்டலப் பதிவுக்கு அந்த அதிகாரி பிரிசைடிங் ஜட்ஜ்தான். விண்ணப்பம் கிடைத்த 14 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் ஆஸ்டினில் உள்ள கோர்ட் நிர்வாக அலுவலகத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் வழக்கு விசாரணையோடு சேர்ந்த காகிதத்துக்கு இந்த விதி பொருந்தாது, அதைக் கிளார்க்கிடம்தான் கேட்க வேண்டும். அதனால் 12ஆம் விதியை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். முதலில் மரியாதையான மின்னஞ்சல். அது பலிக்காவிட்டால் 12ஆம் விதி.

செலவு: கிளார்க்கிடம் காகித நகல் பக்கத்துக்கு 1 டாலர். கவுண்டி கிளார்க் சான்றிட்ட நகல் என்றால் சான்றுக்குத் தனியாக 5 டாலர். நியமன உத்தரவு ஒன்றிரண்டு பக்கம்தான். சான்றிட்ட நகலாகவே வாங்குங்கள், மேல்முறையீடு வரை போனால் மறுபடி அலைய வேண்டாம். வருமானம் குறைவென்றால், 145ஆம் விதிப்படி கோர்ட் செலவு கட்ட இயலாமை அறிக்கையைக் கொடுக்கலாம். அதற்கான படிவம் டெக்சாஸ் லா ஹெல்ப் தளத்தில் இலவசமாக இருக்கிறது.

4. உத்தரவை வரி வரியாகப் படியுங்கள்

சின்னக் காகிதம்தான். ஆனால் இதில் நான்கு இடங்களில் உங்கள் வழக்கின் போக்கே இருக்கிறது.

வகை: வருபவர் ஆக்டிவ், ஃபார்மர் (முன்னாள்), ரிட்டையர்டு (ஓய்வுபெற்றவர்), சீனியர் இவற்றில் எந்த வகை என்று உத்தரவில் எழுதியிருக்க வேண்டும், அரசுச் சட்டத் தொகுப்பின் 74.053ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. ஆக்டிவ் என்றால், அதாவது இன்னொரு கோர்ட்டில் இப்போது பதவியில் இருப்பவர் என்றால், ஆட்சேபணை செல்லாது. மற்றவர்கள் என்றால் செல்லும்.

கோர்ட் எண்: உங்கள் கோர்ட்தானா என்று பாருங்கள். பக்கத்து கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டவர் இங்கே உட்கார்ந்திருந்தால் அதை உடனே எழுத்தில் கேட்க வேண்டும்.

தேதி: தொடக்கம், முடிவு. உங்கள் விசாரணை நாள் அதற்குள் விழுகிறதா?

கடைசிப் பத்தி: காலம் முடிந்த பிறகும், அந்தக் காலத்தில் தொடங்கிய விசாரணையை முடிக்கவும், தான் விசாரித்த வழக்கில் வரும் மறுவிசாரணை மனுக்களைக் கேட்கவும் அதிகாரம் தொடரும் என்று வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும். இருந்தால் உங்கள் மறுவிசாரணை மனு அவரிடமே போகலாம். இல்லாவிட்டால் கேள்வி எழும். நான் 19 நாள் தேடியது இந்த ஒரு பத்திக்காகத்தான். என் உத்தரவில் அது இருந்தது.

5. ஆட்சேபிக்கலாமா என்று யோசியுங்கள்

ஒரு வழக்கில் ஒரு தரப்புக்கு ஒரே ஓர் ஆட்சேபணை. கணவனும் மனைவியும் சேர்ந்து வழக்குப் போட்டிருந்தால் ஆளுக்கொன்று என்று எண்ணாதீர்கள். ஒரே பக்கம் நிற்பவர்களை ஒரே தரப்பாகக் கணக்கிட பிரிசைடிங் ஜட்ஜுக்கு அதிகாரம் உண்டு. முதல் ஆளை மறுத்துவிட்டு, அடுத்து வரும் விசிட்டிங் ஜட்ஜ் இன்னும் சரியில்லை என்று பட்டால் கையில் எதுவும் இருக்காது. ஒரே விலக்கு: கடைசியாக நின்ற தேர்தலில் தன் நீதிபதிப் பதவியைத் தோற்றவர் வந்தால், அவரை மறுப்பது இந்த எண்ணிக்கையில் சேராது.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். முன்பின் தெரியாதவர் என்பதற்காக மட்டும் மறுக்காதீர்கள். விசிட்டிங் ஜட்ஜாக அனுப்பப்படுவோர் பட்டியலில் இடம்பெறும் ஓய்வுபெற்ற, முன்னாள் நீதிபதிகள் குறைந்தது 96 மாதம் பதவியில் இருந்திருக்க வேண்டும். எட்டு வருட அனுபவம். உங்கள் வழக்கை நன்றாக அறிந்த சொந்த நீதிபதி அடுத்த வாரமே திரும்புகிறார், அவர் முன்பு உங்களுக்குச் சாதகமாக ஓர் உத்தரவும் போட்டிருக்கிறார் என்றால் மறுப்பதில் அர்த்தம் உண்டு. தேதி தள்ளிப்போவது உங்களுக்கே நஷ்டம் என்றால், முன்னால் இருப்பவரிடமே வழக்கை நடத்துங்கள்.

6. ஆட்சேபணை எழுதும் முறை

ஒரு பக்கம் போதும். ஆங்கிலத்தில், மேலே வழக்கு எண், கோர்ட், இரு தரப்பின் பெயர். உள்ளே நான்கு செய்திகள்: அனுப்பப்பட்ட நீதிபதியின் பெயர், நியமனம் பற்றி உங்களுக்குத் தெரிந்த தேதி, 74.053ஆம் பிரிவின் கீழ் ஆட்சேபிக்கிறேன் என்ற வாக்கியம், இது உங்கள் தரப்பின் முதல் ஆட்சேபணை என்பது. கீழே கையெழுத்து. அதன் கீழே, எதிர்த்தரப்புக்கு எந்தத் தேதியில் எப்படிப் பிரதி அனுப்பினீர்கள் என்ற சான்று.

காரணம் எழுத வேண்டாம். சட்டம் காரணம் கேட்கவில்லை. கோபத்தில் "இவர் ஒருதலைப்பட்சமானவர்" என்று ஒரு வரி சேர்த்தால், அது நீதிபதி விலகக் கோரும் மனு போலத் தோன்றும். அது 18ஏ விதி. சத்தியப் பிரமாணம், ஆதாரம் எல்லாம் வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில் கலக்காதீர்கள்.

கெடு: தகவல் தெரிந்த 7ஆம் நாளுக்குள், அல்லது அந்த நீதிபதி முன் முதல் விசாரணை தொடங்குவதற்குள், எது முந்தியோ அது. விசாரணை என்றால் முழு விசாரணை மட்டும் அல்ல, முன்விசாரணை மனுக்களும் சேர்ந்துதான். என்னைப் போல ஒரு சின்ன மனுவில் அவர் முன் வாதாடிவிட்டால் வாய்ப்பு அங்கேயே முடிந்தது. தக்க காரணம் காட்டி எழுத்தில் கேட்டால் பிரிசைடிங் ஜட்ஜ் கெடுவை நீட்டலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

ஈஃபைல் டெக்சாஸ் என்ற இணையத் தாக்கல் தளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். வக்கீல் இல்லாதவர்கள் நேரில் போயும் கொடுக்கலாம். மின்னஞ்சலில் ஆட்சேபிக்கவும் சட்டம் இடம் தருகிறது. இருந்தாலும் கிளார்க்கிடம் தாக்கல் செய்து, முத்திரை விழுந்த பிரதியை மண்டல அலுவலகத்துக்கும் கோஆர்டினேட்டருக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். காலையில்தான் தெரிந்தது என்றால்? கையால் எழுதுங்கள், கிளார்க்கிடம் முத்திரை வாங்குங்கள், உங்கள் பெயரைக் கூப்பிட்டதும் வேறு எதையும் பேசாமல் முதல் வாக்கியமாக ஆட்சேபணையைச் சொல்லி பிரதியை நீட்டுங்கள். சரியான நேரத்தில் கொடுத்த ஆட்சேபணைக்குப் பிறகு அவர் அந்த வழக்கைக் கேட்கக் கூடாது. மீறிப் போடும் உத்தரவு செல்லாது என்று 1997இல் டன் எதிர் ஸ்ட்ரீட் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

7. அன்றைய பதிவு உங்கள் பொறுப்பு

விசிட்டிங் ஜட்ஜ் வரும் நாளில் வழக்கமான கோர்ட் ரிப்போர்ட்டரும், அதாவது விசாரணையில் பேசுவதைப் பதிவு செய்பவரும், மாறியிருக்கலாம். விசாரணை தொடங்கும் முன் இரண்டு கேள்வி: "இது பதிவாகிறதா?" "உங்கள் பெயர், மின்னஞ்சல் என்ன?" பதிவு வேண்டும் என்று நீதிபதியிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஆட்சேபணை செய்தால் அதுவும் பதிவில் ஏறட்டும்.

உத்தரவில் 'ஜட்ஜ் பிரிசைடிங்' (மண்டலத் தலைவர் அல்ல, விசாரித்த நீதிபதி என்று பொருள்) என்று அச்சிட்ட கோட்டின் மேல் ஒரு கையெழுத்து மட்டும் இருக்கும். யார் போட்டது என்று யாராலும் படிக்க முடியாது. நீங்கள் தயாரித்துக் கொடுக்கும் உத்தரவு வரைவாக இருந்தால், கோட்டின் கீழே அவர் பெயரையும் அசைன்டு ஜட்ஜ் என்பதையும் அச்சில் சேருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று சொந்த நீதிபதியிடம் முன்பே கேட்டிருந்தால், அந்த ஏற்பாடு அன்றைக்கும் இருக்கிறதா என்று கோஆர்டினேட்டரிடம் மறுபடி உறுதி செய்துகொள்ளுங்கள்.

8. தீர்ப்புக்குப் பின் நாள் கணக்கு

நாள் எண்ணுவது தீர்ப்பில் கையெழுத்திட்ட தேதியிலிருந்து. தபால் உங்களுக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. விசிட்டிங் ஜட்ஜ் வேறு ஊரிலிருந்து கையெழுத்திட்டு அனுப்பும்போது இடையில் சில நாள் தொலையும். கிளார்க் தளத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

ஜூரி இல்லாத விசாரணை என்றால், நீதிபதி என்ன உண்மைகளைக் கண்டார், எந்தச் சட்டப்படி முடிவெடுத்தார் என்று எழுதித் தரக் கேட்க 20 நாள். மறுவிசாரணை மனுவுக்கு 30 நாள். மேல்முறையீட்டு அறிவிப்புக்கும் 30 நாள். மறுவிசாரணை மனுவை நேரத்தில் போட்டிருந்தால் 90 நாள். 20 நாள் மனுவைத் தாக்கல் செய்த கையோடு ஒரு பிரதியை விசாரித்த நீதிபதிக்குச் சேர்க்கும்படி கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். அவர் தினமும் அந்தக் கட்டடத்துக்கு வருபவர் அல்ல. காகிதம் தானாக அவர் மேசைக்குப் போகாது. 20 நாளில் பதில் வராவிட்டால், முதலில் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் நினைவூட்டல் மனு போட வேண்டும். அதை விட்டால் குறை சொல்லும் உரிமையும் போய்விடும்.

விசாரணைப் பதிவின் எழுத்துப் பிரதிக்குக் கட்டணம் பக்கக் கணக்கில். ரிப்போர்ட்டரிடம் முதலில் மதிப்பீடு கேளுங்கள், முன்பணம் கேட்பார். மாற்று ரிப்போர்ட்டர் என்றால் அவரைத் தேடவே ஒரு வாரம் ஆகும். அதற்குத்தான் பெயரை அன்றே வாங்கச் சொன்னேன். குறிப்புகளை அவர் 3 வருடம் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் கட்டாயமில்லை. மேல்முறையீடு இப்போது வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தாலும், விசாரணைத் தேதியிலிருந்து இரண்டே முக்கால் வருடத்தில் ஒரு நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, பக்கத்தில் அவர் மின்னஞ்சலை எழுதி வையுங்கள்.